குளிர் காலத்தில் லொறியின் எஞ்சின் எச்சரிக்கை லைற்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகையில் மழை பிடித்ததிலிருந்து மாசிப் பனி விலகும் வரைக்கும் எங்கள் கராஜுக்கு வருகிறவர்களும் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களையே கேட்கிறார்கள். மரக்கறி ஏற்ற நுவரெலியாவுக்குப் போய் வருகிறவர்கள், மீன் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பருத்தித்துறையிலிருந்து புறப்படுகிறவர்கள், கனடாவில் ட்ரக் ஓட்டும் உறவினருக்காகக் கேட்கிறவர்கள் என்று ஆட்கள் வேறுபட்டாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்து, அவசரத்தில் பாதியாகச் சொல்லி அனுப்பிய விடைகளை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன்.

மீற்றரில மஞ்சளாய் எஞ்சின் படம் ஒண்டு எரியுது. அது என்ன சொல்லுது?

எஞ்சினில் பொருத்தப்பட்டிருக்கும் சென்சர்கள் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற்றின் வெப்பம், உள்ளே இழுக்கப்படும் காற்றின் அளவு, டீசலின் அழுத்தம், பற்றரியின் வோல்ற் ஆகியவற்றை ஓயாமல் அளந்து கணினிப் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கவேண்டிய எல்லைக்கு வெளியே போனாலோ, ஒரு சென்சர் சொல்வது மற்றொன்று சொல்வதற்குப் பொருந்தாவிட்டாலோ, கணினிப் பெட்டி அதற்குரிய எண்ணைப் பதிந்துவைத்துக்கொண்டு அந்த லைற்றை எரியவிடுகிறது. எந்தப் பாகம் பழுது என்று லைற் சொல்வதில்லை. எண் ஒன்று பதிவாகியிருக்கிறது, அதை ஸ்கானர் கருவியை மாட்டி வாசியுங்கள் என்று மட்டுமே சொல்கிறது.

திறப்பைத் திருப்பி, எஞ்சினை இன்னும் ஸ்ராட் செய்யாமல் இருக்கும்போது அந்த லைற் எரியத்தான் வேண்டும். ஸ்ராட் ஆனதும் அணைய வேண்டும். திறப்பைப் போட்டபோதும் எரியாத லைற்றைக் கண்டால் கூடுதலாகக் கவலைப்படுங்கள். பாவித்த லொறி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான், ஏனெனில் பழுதை மறைப்பதற்காகப் பல்ப்பைக் கழற்றிவிட்டு விற்ற லொறிகள் எங்கள் கராஜுக்கு வந்திருக்கின்றன.

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் என்ன வித்தியாசம்? எதுக்கு உடன நிப்பாட்ட வேணும்?

சிவப்பு என்றால் நிறுத்துங்கள். எண்ணெய்க் குப்பி போன்ற படம் சிவப்பாக எரிந்தால் எஞ்சின் ஒயிலின் அழுத்தம் போய்விட்டது. வெப்பமானிப் படம் சிவப்பாக எரிந்தால் எஞ்சின் கொதிக்கிறது. இரண்டுக்கும் அடுத்த சந்திவரை ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. பற்றரிப் படம் சிவப்பாக எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. உடனே எஞ்சினுக்குக் கேடு இல்லையென்றாலும், பெல்ற் அறுந்ததால் அது எரிகிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டே நகர வேண்டும், ஏனெனில் பல எஞ்சின்களில் அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது.

மஞ்சள் எஞ்சின் படம் மாறாமல் எரிந்து, இழுவை குறையாமல், சத்தமோ புகையோ மாறாமல், வெப்ப முள் தன் இடத்தில் நின்றால், மெதுவாக ஓடி இடம் சேரலாம். ஆனால் ஏற்றிய சுமையோடு கண்டி ஏற்றத்துக்குப் போவதற்கு முன்பு எண்ணை வாசித்துக்கொள்வது நல்லது.

சுருள்கம்பி மாதிரி ஒரு லைற் காலையில எரிஞ்சு அணையுது. அதுவும் பழுதோ?

இல்லை. அது ஹீற்றர் பிளக்குக்கான லைற். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. நசுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுவதால், எரியறையைச் சூடாக்குவதற்காகச் சிறிய லொறிகளில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீற்றர் பிளக் உண்டு. லைற் அணையும் வரை சில விநாடிகள் பொறுத்து ஸ்ராட் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சுருள் விட்டு விட்டு எரிந்தால், பல வாகனங்களில் அது பழுதின் அறிகுறி.

யாழ்ப்பாணத்தில குளிரே இல்லையே. பிறகேன் மார்கழி, தையில இந்த லைற் கூட எரியுது?

எங்கள் விடியற்காலை மிகக் குளிர்ந்த நாளிலும் 20 பாகையை ஒட்டியே இருக்கும். அந்த அளவு குளிரில் எஞ்சின் பழுதாவதில்லை. வருடம் முழுவதும் வெயில் மறைத்து வைத்திருந்த பழுதைத்தான் அது வெளியே காட்டுகிறது. பற்றரியை முதுமையாக்குவது சித்திரை, வைகாசி வெயில். அது முதுமை அடைந்துவிட்டது என்று தெரியவருவது தைக் காலையில். ஹீற்றர் பிளக் நான்கில் மூன்று செத்துப்போயிருந்தாலும் ஆடி மாதத்தில் லொறி ஒரு சுற்றில் ஸ்ராட் ஆகும். பனிக் காலையில் வெள்ளைப் புகையோடு இருமும்.

இத்தோடு ஈரமும் சேர்கிறது. வடகீழ்ப் பருவ மழைக்குப் பிறகு வரும் பனி, வெட்ட வெளியில் நிற்கும் லொறியின் ஒவ்வொரு வயர் இணைப்பிலும் இரவிரவாகப் படிகிறது. மூன்றாவதாக, யாழ்ப்பாணத்து வெப்பத்துக்காக நாங்கள் லொறிக்குச் செய்துவைக்கும் சில வேலைகள், லொறி மலை ஏறும்போது எங்களுக்கு எதிராகத் திரும்புகின்றன. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

விடியக்காலையில எரியுது, பத்து மணிக்கு அணைஞ்சு போகுது. அப்பிடியே விட்டிடலாமோ?

விட்டுவிடாதீர்கள். வெயில் ஏற அணைகிற லைற்றுக்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். ஈரம் போனாலும், அது உள்ளே புகுந்த வழி அடைபடுவதில்லை. மீன் லொறிகளிலும் உப்பு ஏற்றும் லொறிகளிலும் இதை அதிகம் காண்கிறேன். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பெட்டியிலிருந்து சேசிஸ் வழியாக வடிந்து, வயர்க் கட்டுக்குள் இறங்கி, சொக்கற்றின் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பாகப் படிகிறது. காய்ந்திருக்கும்போது மின் ஓடும். பனி பட்டவுடன் தடை மாறி, சென்சரின் அளவும் மாறுகிறது.

சென்ற தையில் ஒரு மீன் லொறி மூன்று கிழமையாகக் காலை லைற்றோடு ஓடியது. பதிந்திருந்த எண் டீசல் அழுத்தச் சென்சரின் மின்சுற்றைக் காட்டியது. சொக்கற்றைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தபோது மூன்று பின்களில் நடுவில் இருந்தது மட்டும் பழைய செப்புக் குடத்தின் அடிபோலப் பச்சையாக இருந்தது. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் றப்பர் வளையத்தைக் காணவில்லை. பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, மின்னிணைப்புத் துப்புரவாக்கும் ஸ்ப்ரேயும் பழைய பல்துலக்கும் தூரிகையும் கொண்டு துடைத்து, புதிய வளையம் போட்டு மூடினோம். சென்சருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

பற்றரி பழசு எண்டால் எஞ்சின் லைற் எரியுமோ?

எரியும், நன்றாகவே எரியும். ஸ்ராட்டர் சுற்றும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் பற்றரியின் வோல்ற் மிகவும் கீழே விழுந்தால், கணினிப் பெட்டிக்கும் சென்சர்களுக்கும் போதிய மின் கிடைக்காமல், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து எண்கள் ஒரே நேரத்தில் பதிவாகும். அப்படியொரு பட்டியலைக் கண்டால் நான் முதலில் தொடுவது பற்றரியைத்தான். ஈய அமிலப் பற்றரி ஒன்று 25 பாகையில் கொடுக்கும் வலுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே உறைநிலையில் கொடுக்கும். குளிர்ந்து தடித்த ஒயிலைச் சுற்றுவதற்கோ கூடுதல் வலு தேவை.

பார்க்கும் முறை எளிது. இரவு முழுவதும் நின்ற லொறியில் காலையில் மீற்றரை வைத்தால் 12 வோல்ற் பற்றரி 12.6 ஐ ஒட்டி இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான் இருக்கிறது. 24 வோல்ற் லொறிக்கு இந்த எண்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். ஸ்ராட்டர் சுற்றும்போது 12 வோல்ற்றில் 9.6 க்கும், 24 வோல்ற்றில் 19 க்கும் கீழே போகக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 இலிருந்து 14.4 வரை, அல்லது 27.6 இலிருந்து 28.8 வரை இருக்க வேண்டும். இல்லையெனில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்ரனேற்றரையும் பெல்ற்றையும் பாருங்கள்.

24 வோல்ற் லொறியில் இரண்டு பற்றரிகளில் ஒன்றை மட்டும் புதிதாக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. பழையது சார்ஜை ஏற்காமல் நிற்க, புதியது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, ஒரு வருடத்துக்குள் இரண்டும் போய்விடும். காசு இறுக்கமாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

நுவரெலியாவுக்கு ஏறினால் எரியுது, தம்புள்ளைக்கு வந்தால் அணையுது. லொறிக்கு மலை பிடிக்கேல்லையோ?

இந்தக் கேள்வியைத்தான் மிக அதிகமாகக் கேட்கிறார்கள். இதற்கான விடையைத்தான் மிக அதிகமாக நம்ப மறுக்கிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் அங்கே வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். சில விடியற்காலைகளில் புல் வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். யாழ்ப்பாணத்து லொறிகளில் பலவற்றில் தேமோஸ்டாற் இல்லை. வெப்ப முள் கொஞ்சம் ஏறியது என்பதற்காக எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள்.

தேமோஸ்டாற் என்பது எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் இடையிலுள்ள கதவு. கூலன்ற் ஏறத்தாழ 80 பாகைக்கு வரும் வரை அது மூடியிருந்து, எஞ்சின் விரைவாகச் சூடேற விடுகிறது. கதவே இல்லாவிட்டால், குளிர்ந்த காற்று அடிக்கும் றேடியேற்றருக்குள் தண்ணீர் முதல் விநாடியிலிருந்தே ஓடுகிறது. தம்புள்ளையின் 30 பாகையில் எஞ்சின் எப்படியோ சூடேறிவிடும். ஆனால் நுவரெலியாச் சந்தையில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு அதிகாலையில் இறம்பொடைப் பக்கம் இறங்கும்போது, எஞ்சின் பாரமே இழுப்பதில்லை. கியரில் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறது, டீசல் எரிவதே குறைவு. கூலன்ற் 50, 55 பாகையிலேயே நின்றுவிடும். இவ்வளவு நேரம் ஓடியும் எஞ்சின் ஏன் சூடேறவில்லை என்று கணினிப் பெட்டி சந்தேகப்பட்டு எண்ணைப் பதிகிறது. சிறிய வாகனங்களில் அது பி 0128 என்று வரும். புசல்லாவை தாண்டிக் கம்பளைக்கு வந்தபின் எஞ்சின் தன் சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எண் மட்டும் உள்ளே இருக்க, லைற் அணைகிறது.

தேமோஸ்டாற்றைக் கழட்டினால்தான் எஞ்சின் சூடாகாது எண்டு பழைய மெக்கானிக் சொன்னார். அவர் சொன்னது பிழையோ?

அவர் கைபழகிய எஞ்சின்களுக்கு அது ஓரளவு சரியாக இருந்திருக்கலாம். இன்றைய எஞ்சின்களில் பலவற்றுக்கு அது சூட்டைக் குறைப்பதாகக்கூடச் சொல்ல முடியாது. தேமோஸ்டாற் திறக்கும்போது, றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அதன் அடித்தட்டு மூடும்படி பல எஞ்சின்களைச் செய்திருக்கிறார்கள். தேமோஸ்டாற்றைக் கழற்றினால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொதித்த தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலேயே திரும்பி வரும். ஆக, இறக்கத்தில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும், ஏற்றத்தில் அதே எஞ்சின் கொதிக்கும்.

குளிர்ந்தே ஓடும் எஞ்சின் டீசலையும் அதிகம் குடிக்கும். எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயிலில் ஈரம் ஆவியாகாமல் தங்கும். ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் பால்கோப்பி நிறத்தில் பசை ஒட்டியிருப்பதைக் காணலாம். அந்தப் பசை, சிலிண்டர்களுக்கு மேலே தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் அடைக்கும் கெட் கஸ்கற் போனதாலும் வரக்கூடும் என்பதால், கூலன்ற் குறைகிறதா என்பதையும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். புதிய தேமோஸ்டாற் ஒன்றின் விலையை, ஒரு நுவரெலியாப் பயணத்தில் வீணாகும் டீசலின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி விட்டால் என்ன? காலங்காலமாய் விடுறதுதானே?

எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டியவை. அந்தத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதே வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் றேடியேற்றர்க் குழாய்களிலும் படிகிறது. தேமோஸ்டாற்றில் படிந்தால் அது பாதி திறந்தபடியோ பாதி மூடியபடியோ இறுகிவிடும். வெப்பச் சென்சரின் நுனியில் படிந்தால் அது உண்மையான சூட்டைப் பிந்தியே உணரும். அண்மையில் நான் கழற்றிய ஒரு கன்டர் லொறியின் சென்சர் நுனியில் முட்டைக்கோது கனத்துக்கு வெள்ளை ஓடு இருந்தது. விரல் நகத்தால் சுரண்ட வரவில்லை.

கூலன்ற்றும் வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால், அக்கலவை −37 பாகை வரை உறையாது. உறையாமல் காக்கும் அந்தக் குணம் எங்களுக்குத் தேவையில்லை. ஆனால் அதே கலவை தண்ணீரைவிடக் கூடிய சூட்டில்தான் கொதிக்கும், துருவையும் தடுக்கும். அவை இரண்டும் எங்களுக்கும் தேவை. இன்னொன்றும் உண்டு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். றேடியேற்றர் மூடியின் றப்பர் போய் அழுத்தம் நிற்காத லொறி, யாழ்ப்பாணத்தில் கொதிக்காமல் நின்று மலையில் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏத்தத்தில இழுவையும் இல்லை, கறுப்புப் புகையும் வருது, லைற்றும் எரியுது. குளிராலயோ?

இதற்குக் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது, உயரமே காரணம். நுவரெலியாவில் காற்று கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஐதானது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டேர்போ இல்லாத பழைய எஞ்சின் அதனால் கறுப்புப் புகை விடும். அதற்கு லைற்றும் இல்லை, மருந்தும் இல்லை. டேர்போ உள்ள எஞ்சின் அந்தக் குறையை ஈடுசெய்துகொள்ள வேண்டும். ஈடுசெய்யாமல் லைற் எரிந்தால், டேர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலருக்குப் போகும் றப்பர்க் குழாயில் வெடிப்பையோ, கிளிப் தளர்வையோ தேடுங்கள். வெடிப்புள்ள இடத்தைச் சுற்றி எண்ணெய் கலந்த கரி படிந்திருக்கும். காற்று பில்ரரையும் கழற்றிப் பாருங்கள்; செம்மண் தோட்டங்களுக்குள் போய் வெங்காயம் ஏற்றும் லொறிகளின் பில்ரரைக் கையேட்டில் சொன்ன நாள் வரை விட்டுவைக்க முடியாது.

குளிருக்கு டீசல் உறையுமோ? மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தால் நல்லதெண்டு சொல்லினமே?

டீசலில் மெழுகு இருக்கிறது. போதிய குளிரில் அது முதலில் கலங்கி, பிறகு திரண்டு பில்ரரை அடைக்கும். யாழ்ப்பாணத்துக் குளிரில் இது நடப்பதில்லை. நுவரெலியாவில் உறைபனி விழுந்த காலையில் டீசல் அழுத்தம் குறைவு என்ற எண், அதாவது பி 0087, வந்தால்கூட, மெழுகுக்கு முன்பு தண்ணீரைச் சந்தேகியுங்கள். பாதி நிரம்பிய தாங்கியின் மேற்பகுதிக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த இரவில் தாங்கிச் சுவரில் வியர்த்து டீசலுக்குள் வடிகிறது. 2022 தட்டுப்பாட்டு நாட்களில் பரல்களில் சேர்த்துவைத்த டீசலோடு பல லொறிகளுக்குள் துருவும் தண்ணீரும் போயின. பில்ரரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் கீழே தனியாக நிற்கும். மலையில் தங்கும் நாட்களில் தாங்கியை மாலையிலேயே நிரப்பிவிடுங்கள்.

மண்ணெண்ணெய் கலந்தால் டீசல் உறையும் வெப்பநிலை குறையும் என்பது உண்மை. குளிர்நாடுகளில் முன்பு அப்படிச் செய்தார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், ஸ்ராட் செய்ய மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டிய ஊர் எங்கள் ஊர். அந்தக் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அந்த எஞ்சின்களும் இன்றைய கொமன் றெயில் டீசல் எஞ்சின்களும் ஒன்றல்ல. இன்றைய பம்ப் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தை உண்டாக்குகிறது. அதற்கு மசகிடுவது டீசலேயன்றி வேறொன்றுமில்லை. மண்ணெண்ணெயின் வழுவழுப்புக் குறைவு பம்பைத் தேய்த்து, அந்தத் துகள்களை இஞ்செக்டர்களுக்கும் அனுப்பும். கலக்காதீர்கள்.

பற்றரி வயரைக் கழட்டிப் போட்டால் லைற் அணையுது. அது போதாதோ?

சில லொறிகளில் அப்படி அணையும். அதனால் அழிவது பழுதைத் தேட உதவும் சாட்சி மட்டுமே. எண் பதிவாகும் அந்தக் கணத்தில் கூலன்ற் எத்தனை பாகை, எஞ்சின் எத்தனை சுற்று, வேகம் எவ்வளவு என்பதையும் பல கணினிப் பெட்டிகள் சேர்த்துப் பதிந்துவைக்கின்றன. குளிரில் மட்டும் வரும் பழுதுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. எண்களை ஒரு தாளில் எழுதிவைத்த பிறகே அழிக்க வேண்டும். பழுது உண்மையாகவே தீர்ந்துவிட்டால், பெரும்பாலான சிறிய வாகனங்களில் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் பழுதின்றி ஓடியபின் லைற் தானாகவே அணைந்துவிடும்.

ஸ்கானர் போட்டுப் பார்த்திட்டு சென்சரை மாத்தச் சொன்னார்கள். மாத்தியும் எரியுது. இப்ப என்ன செய்ய?

ஸ்கானர் காட்டும் எண் ஒரு மின்சுற்றின் பெயர். அந்தச் சுற்றில் சென்சரும் உண்டு, அதற்குப் போகும் வயரும் உண்டு, சொக்கற்றும் உண்டு, அது அளக்கும் பொருளும் உண்டு. பி 0118 என்றால் கூலன்ற் வெப்பச் சென்சரிலிருந்து வரும் வோல்ற் அதிகம் என்று பொருள். சென்சர் செத்தாலும் அது வரும், வயரை எலி கடித்தாலும் வரும். பி 0128 என்றால் எஞ்சின் சூடேறவில்லை என்று பொருள். அதற்குச் சென்சரை மாற்றுவது, காய்ச்சல் என்று காட்டிய வெப்பமானியை மாற்றுவதற்குச் சமம். பி 0671 இலிருந்து பி 0674 வரை ஹீற்றர் பிளக்குகளுக்குரியவை, கடைசி இலக்கமே சிலிண்டர். பி 0562 என்றால் வோல்ற் குறைவு. மேலே பற்றரி பற்றிச் சொன்னதற்குத் திரும்பிப் போங்கள்.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. லொறியை இரவு முழுவதும் நிறுத்திவையுங்கள். காலையில் ஸ்ராட் செய்யாமல், திறப்பை மட்டும் போட்டு, ஸ்கானரில் கூலன்ற் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரவெல்லாம் ஒரே காற்றில் நின்ற எஞ்சினில் இரண்டும் வெளி வெப்பத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். ஒன்று 24, மற்றது 39 என்று காட்டினால் பொய் சொல்லும் சென்சர் எது என்று அங்கேயே தெரிந்துவிடும். கோண்டாவிலில் நிற்கும் லொறியின் ஸ்கானர் −40 பாகை என்று காட்டினால், எங்கேயோ வயர் அறுந்திருக்கிறது அல்லது சொக்கற் கழன்றிருக்கிறது. சென்சர் வாங்கக் கடைக்குப் போக முன்பு அதைத் தேடுங்கள்.

தம்பி கனடாவில பெரிய ட்ரக் ஓடுறான். அங்க மைனஸ் 25 இல லைற் எரியுதாம். இதே விடைதானோ?

பற்றரி, தேமோஸ்டாற், சொக்கற் பற்றி மேலே சொன்னவை அங்கும் பொருந்தும். ஆனால் அங்கே குளிர் தானே நேரடியாகவும் பழுது செய்கிறது. பெரிய ட்ரக்குகளில் எண்கள் வேறு முறையில் வரும். எஸ்பிஎன் 168 என்றால் பற்றரி வோல்ற், 110 கூலன்ற் வெப்பம், 94 டீசல் அழுத்தம், 100 ஒயில் அழுத்தம். தம்பியிடம் அந்த இலக்கத்தையும், அதோடு வரும், பழுதின் வகையைச் சொல்லும் எஃப்எம்ஐ இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

94 என்றால் அங்கே மெழுகை முதலில் சந்தேகிக்கலாம். குளிர்காலத்தில் அங்கே குளிர் தாங்கும் டீசலையே விற்கிறார்கள். ஆனால் ஜோர்ஜியா போன்ற தெற்கு மாநிலமொன்றில் தாங்கியை நிரப்பிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஒன்ராறியோவுக்கு வந்து இரவில் நிறுத்தினால், தாங்கியில் இருப்பது வெப்ப ஊருக்கான டீசல். உறையாமல் தடுக்கும் திரவத்தை, டீசல் இன்னும் சூடாக இருக்கும்போதே, நிரப்புவதற்கு முன்பு விட வேண்டும். திரண்டபின் விட்டால் பயன் மிகக் குறைவு. எஞ்சினைச் சூடாக்கும் மின் ஹீற்றரைப் புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே செருகிவைக்கச் சொல்லுங்கள். ஒயிலும் மாற வேண்டும். இங்கே நாங்கள் ஊற்றும் 15 டபிள்யூ 40 ஒயிலின் முதல் எண், −20 பாகையில் அது சுற்றக்கூடியதா என்று சோதித்துக் கொடுக்கப்படுவது. 5 டபிள்யூ என்றால் அந்தச் சோதனை −30 இல், 0 டபிள்யூ என்றால் −35 இல். −25 இல் 15 டபிள்யூவோடு ஸ்ராட்டரைச் சுற்றினால், லைற் எரிவது நியாயமே.

அங்க யூரியாத் தண்ணி உறைஞ்சு போச்சாம். அதுக்குள்ள கூலன்ற் கொஞ்சம் விடலாமோ?

ஒரு துளியும் விடக்கூடாது. புகையைச் சுத்தமாக்க ஊற்றும் அந்தத் திரவம் 32.5 சதவீத யூரியாவும் மிகுதி சுத்தமான தண்ணீருமாகும். −11 பாகையில் அது உறைவது இயல்பு. அதற்காகவே தாங்கியிலும் குழாயிலும் ஹீற்றர் வைத்திருக்கிறார்கள். உருகும் வரை எஞ்சின் வழக்கம்போல் ஓடவும் கணினிப் பெட்டி அனுமதிக்கும். நெடுநேரம் ஓடியும் லைற் அணையாவிட்டால் பழுது அந்த ஹீற்றரிலோ அதன் வயரிலோ இருக்கலாம். அதைக் கவனியாமல் விட்டால் ட்ரக் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். உறையும்போது திரவம் விரிவதால் தாங்கியைக் கழுத்துவரை நிரப்பி இரவில் விடவும் கூடாது. வேறெதையும் கலந்தால் வினையூக்கிப் பெட்டி பழுதாகும். அதன் விலையைத் தம்பியே சொல்வார்.

குளிருக்காக இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் அங்கே லைற்றுக்கு ஒரு காரணம். சும்மா ஓடும் எஞ்சினின் புகை, புகைக் குழாயிலுள்ள கரி பிடிக்கும் பில்ரரில் சேரும் கரியை எரிக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. அதனால் பில்ரர் அடைபட்டு லைற் எரிகிறது.

குளிரில மட்டும்தான் எரியுது. உங்களிட்டக் கொண்டுவந்தால் காட்டுதில்லை. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இது மெக்கானிக்குக்கும் மிகக் கடினமான நிலை. பாதி வேலையைச் சாரதிதான் செய்ய வேண்டும். லைற் எரிந்த உடனே, ஓரமாக நிறுத்தி, மீற்றரைக் கைத்தொலைபேசியில் படமெடுங்கள்: வெப்ப முள் எங்கே நிற்கிறது, எந்தெந்த லைற் எரிகிறது என்பது அதில் பதிந்துவிடும். நேரம், இடம், ஏற்றமா இறக்கமா, ஸ்ராட் செய்து எத்தனை நிமிடம், கடைசியாக டீசல் அடித்தது எங்கே என்பவற்றை எழுதிவையுங்கள். “இறம்பொடை இறக்கம், காலை ஐந்தரை, அரை மணி ஓட்டம், முள் அடியில்” என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். ஸ்கானரை எடுக்க முன்பே தேமோஸ்டாற் வீட்டைத் திறந்து பார்த்தேன். கஸ்கற் இருந்தது, தேமோஸ்டாற் இல்லை.

காலையில் மட்டும் வரும் பழுதென்றால், லொறியை முதல்நாள் மாலையே கராஜில் விட்டுச் செல்லுங்கள். இரவு வெளியில், பனியில் நிற்கட்டும். காலையில் நான் வந்து ஸ்கானரை மாட்டும் வரை திறப்பை யாரும் தொடக் கூடாது. வீட்டிலிருந்து அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தால், நான் பார்க்கவேண்டிய குளிர் வழியிலேயே போய்விடும்.